ஜன்னலோரத்தில் மூலிகைச் செடி: மூன்று தொட்டியும் போனதற்குக் காரணம் கைராசி இல்லை

வீட்டுக்குள் எந்த மூலிகைச் செடி வளர்க்கலாம் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தைப் படித்தால் உண்மையான கேள்வி வேறு. பேசில், புதினா, ரோஸ்மேரி மூன்றையும் தளதளவென்று இருக்கும்போது வாங்கி வந்து சமையலறை மேடையில் வைத்தீர்கள், தினமும் காலையில் மறக்காமல் தண்ணீர் ஊற்றினீர்கள், மூன்று வாரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்றும் போய்விட்டன. "எனக்குக் கைராசி இல்லையா, பால்கனி இல்லாதவர்கள் இந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?" என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதில். விட்டுவிட வேண்டாம். எந்தச் செடி என்பதை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த மூன்றும் ஏன் செத்தன என்று தெரிய வேண்டும்.

தோட்டக்கலை படித்துவிட்டு 17 வருடமாக ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை பார்க்கிறேன், மூலிகை நாற்றுகள் போடுவது என் பொறுப்பு. வாடிப்போன செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து, என்ன தப்பு செய்தேன் என்றே தெரியவில்லை என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலானவர்கள் உங்களைப் போலவே அக்கறையாகப் பார்த்துக்கொண்டவர்கள். தொட்டியைக் கவிழ்த்து வேர்க்கட்டியை வெளியே எடுத்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். வெள்ளையாக, கெட்டியாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகியிருக்கும், விரலால் லேசாக இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்துவிடும், நடுவில் மெல்லிய நூல் மாதிரி ஒன்று மட்டும் மிச்சம் நிற்கும், சாக்கடை வாடை அடிக்கும். இதுதான் வேர் அழுகல். உங்கள் செடிகளை நான் பார்க்கவில்லை என்றாலும், நீங்கள் சொன்ன விதத்தை வைத்து இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தொட்டிகளை இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால் கவிழ்த்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

செடி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் வெளிச்சம்தான். வெளிச்சம் பட்டால் இலைத்துளைகள் திறக்கும், அவற்றின் வழியாக நீர் ஆவியாகும், போன நீரை ஈடுகட்ட வேர் மண்ணிலிருந்து இழுக்கும். வெளிச்சம் குறைந்தால் இந்த இழுப்பும் குறைந்துவிடும். பண்ணையில் நல்ல வெளிச்சத்தில் இருந்தபோது ஒரு நாளில் குடித்த தண்ணீரை உங்கள் சமையலறையில் குடிக்க அதே செடிக்கு நாலைந்து நாள்கூட ஆகலாம். ஆனால் நாம் தினமும் ஊற்றுகிறோம். மண் துகள்களுக்கு நடுவே காற்று இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் தண்ணீர் நிற்கிறது, வேருக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை, பித்தியம் மாதிரியான அழுகல் கிருமிகளுக்கு அது வசதியாகிவிடுகிறது. வேர் போனபின் மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் அது இலைக்கு ஏறாது, செடி தாகத்தில் வாடுவது போலவே தொங்கும். அதைப் பார்த்துப் பதறி இன்னொரு டம்ளர் ஊற்றுவோம். அதோடு கதை முடிந்துவிடும்.

அதனால் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள், செடியை அப்புறம் வாங்கலாம். இந்த விஷயத்தில் நம் கண்ணை நம்ப முடியாது. வெயில் அடிக்கும் வெட்டவெளியில் வெளிச்சம் 1,00,000 லக்ஸ் வரை போகும். விளக்கு எரியும் ஒரு சாதாரண அறையில் 100 முதல் 300 லக்ஸ்தான் இருக்கும், அதாவது பல நூறு மடங்கு குறைவு. நம் கண்மணி சுருங்கி விரிந்து சமாளித்துக்கொள்வதால் இரண்டுமே நமக்கு "நல்ல வெளிச்சம்" என்று தோன்றுகிறது. செடிக்கு அப்படித் தோன்றாது. கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் இருக்கின்றன, அவை துல்லியமாகக் காட்டாவிட்டாலும் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். அதுவும் வேண்டாம் என்றால், வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாள் நண்பகலில் செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து, அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி கருப்பாக, ஓரம் வெட்டினாற்போல நிழல் விழுந்தால் பேசில்கூட வளரும். விரல்கள் கலங்கி, கை என்று மட்டும் தெரிந்தால் புதினா, கற்பூரவல்லி மாதிரியான செடிகள் தாக்குப்பிடிக்கும். நிழலே சரியாக விழவில்லை என்றால் அங்கே எந்தச் செடியை வைத்தாலும் அது மெதுவாகச் சாகும், விளக்கு இல்லாமல் நடக்காது.

எந்தத் திசை ஜன்னல் நல்லது என்று பலர் கேட்பார்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே தூரமாக இருப்பவர்களுக்குத் தெற்கு ஜன்னல், தெற்கே தூரமாக இருப்பவர்களுக்கு வடக்கு ஜன்னல், வெப்பமண்டலத்தில் இருப்பவர்களுக்குக் கிழக்கும் மேற்கும் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் எதிரே ஒரு கட்டடமோ மரமோ இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் அடிபட்டுப்போகும், அதனால்தான் நிழல் சோதனையையே நம்பச் சொல்கிறேன். இன்னொன்று, ஜன்னலை ஒட்டி இருப்பதும் ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி இருப்பதும் ஒன்றல்ல. அந்த ஒரு மீட்டரிலேயே வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். உங்கள் சமையலறை மேடை ஜன்னலிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை.

ஜன்னல் சரியில்லை என்றால் வெள்ளை எல்இடி விளக்கு போதும். ஊதா வெளிச்சம் தரும் சிறப்பு விளக்குதான் வேண்டும் என்பதில்லை, வெள்ளை ஒளியிலேயே செடிக்குத் தேவையான சிவப்பும் நீலமும் இருக்கின்றன. இதில் முக்கியம் தூரம். கூரையில் எரியும் விளக்கால் செடிக்குப் பயனில்லை, செடியின் நுனியிலிருந்து 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்க வேண்டும். இரண்டு மூன்று சிறிய தொட்டிகளுக்கு நிஜமாகவே 20 முதல் 30 வாட் இழுக்கும் விளக்கு ஒன்று சரியாக இருக்கும். அட்டைப்பெட்டியில் "இத்தனை வாட்டுக்குச் சமம்" என்று பெரிதாகப் போட்டிருப்பதை விட்டுவிட்டு, உண்மையில் எத்தனை வாட் என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். ஒரு டைமர் போட்டு நாளுக்கு 14 மணி நேரம் எரியவிட்டால் மறந்துவிடலாம். கொத்தமல்லி மட்டும் இருந்தால் 12 மணி நேரம் போதும், பகல் நீண்டால் அது சீக்கிரம் பூத்துவிடும்.

சரி, இப்போது செடிக்கு வருவோம். முதல் மூன்று மாதத்துக்கு இரண்டே செடிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: புதினாவும் கற்பூரவல்லியும். இரண்டுக்கும் விதை வேண்டாம், யாரிடமாவது நாலு தண்டு கிடைத்தால் போதும், சமையலுக்கு வாங்கிய புதினாக் கட்டிலிருந்தே எடுக்கலாம். பூக்காத, கெட்டியான தண்டாக விரல் நீளத்துக்கு எடுத்து, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள், கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு அந்தக் கணு மூழ்கும்படி தண்ணீரில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் ஒரு வாரம் பத்து நாளில் கணுவிலிருந்து வெள்ளை மயிர் போல வேர் கிளம்பும். வேர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீரிலேயே நீண்ட நாள் விட்டால் அந்த வேர் தண்ணீருக்குப் பழகிவிடும், அப்புறம் மண்ணில் பிடிப்பதற்குச் சிரமப்படும். புதினாவுக்குத் தனித் தொட்டி கொடுங்கள், ஆழம் குறைவாக, வாய் அகலமாக இருந்தால் நல்லது. மண்ணுக்கடியில் தண்டு ஓடி எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும், கூட இருக்கும் செடியை நெருக்கிவிடும். கற்பூரவல்லியைத் தண்ணீரில்கூட வைக்க வேண்டாம், தண்டை நேராக மண்ணில் குத்தினாலே பிடித்துவிடும். அதன் தடித்த இலையில் நீர் சேமிப்பு உண்டு, நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போனாலும் காத்திருக்கும்.

இந்த இரண்டும் பிடித்தபிறகு பேசில். திருநீற்றுப்பச்சிலை என்று நாம் சொல்வதும் இதே இனம்தான், வாசனையும் இலை அளவும் ரகத்துக்கு ரகம் மாறும். கடைகளில் சின்னத் தொட்டியில் அடர்த்தியாக விற்பதை வாங்கினால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பார்க்க ஒரே செடி போல இருக்கும், ஆனால் அடிப்பக்கத்தை விலக்கிப் பார்த்தால் பத்து இருபது நாற்றுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். அடர்த்தியாகத் தெரிவதற்காக அப்படி விதைக்கிறார்கள். அத்தனைக்கும் அந்தக் கையளவு மண் எத்தனை நாள் சோறு போடும்? அப்படியே விட்டால் சில வாரங்களில் மஞ்சளாகிச் சரிந்துவிடும், உங்கள் பேசிலுக்கும் இதில் ஒரு பங்கு இருந்திருக்கலாம். வாங்கி வந்ததும் இரண்டு நாள் புது இடத்துக்குப் பழகவிட்டு, வேர்க்கட்டியை ஒரு வாளித் தண்ணீரில் நனைத்து நாலாகப் பிரித்து, தொட்டிக்கு நாலைந்து நாற்று வீதம் நடுங்கள். சில நாற்று போகும், கவலை வேண்டாம், மிச்சம் இருப்பது தழைக்கும்.

பேசிலில் எல்லோரும் செய்யும் தவறு, அடியிலிருக்கும் பெரிய இலைகளை ஒவ்வொன்றாகப் பறிப்பது. அந்த இலைகள்தான் செடிக்குச் சமைத்துப் போடுகின்றன. நுனியைக் கிள்ளுங்கள். தண்டைக் கூர்ந்து பார்த்தால் எதிரெதிராக இரண்டு இலை, அந்த இலைக்கும் தண்டுக்கும் நடுவே இடுக்கில் அரிசி மணியைவிடச் சின்னதாக இரண்டு பச்சை மொட்டுகள் உட்கார்ந்திருக்கும். அந்த ஜோடிக்குச் சற்று மேலே கிள்ளினால் அந்த இரண்டு மொட்டும் இரண்டு கிளையாகும், அவை ஒவ்வொன்றும் நாலு இலை விட்டதும் மறுபடி கிள்ளினால் நாலு கிளை. நுனி இருக்கும்வரை அது பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும், நுனி போனதும்தான் அவை கண் விழிக்கும். பூங்கொத்து தலைகாட்டினாலும் கிள்ளிவிடுங்கள், பூத்துவிட்டால் புது இலை விடுவது குறைந்துபோகும். ஒரு தடவைக்குச் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், இது எல்லா மூலிகைக்கும் பொருந்தும். குளிரும் பேசிலுக்கு ஆகாது, 10 டிகிரிக்குக் கீழே போனால் இலை கருக்கும், குளிர்சாதனக் காற்று நேராக அடிக்கும் இடத்திலும் வைக்க வேண்டாம்.

கொத்தமல்லிக்கு வேறு முறை. அதற்கு ஆணிவேர், பிடுங்கி நட்டால் கோபித்துக்கொண்டு பூத்துவிடும், அதனால் வளரப்போகும் தொட்டியிலேயே விதைக்க வேண்டும், தொட்டி 20 சென்டிமீட்டர் ஆழமாவது இருக்கட்டும். நாம் விதை என்று சொல்லும் உருண்டை உண்மையில் காய், உள்ளே இரண்டு விதை இருக்கும். சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டினால் இரண்டாகப் பிளக்கும், நொறுக்கிவிடக் கூடாது. ஒரு இரவு ஊறவைத்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளைக்கும், வெட்டுவதற்கு அதிலிருந்து இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஒரே தொட்டி வருடம் முழுக்கத் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது அந்தச் செடியின் குணம் இல்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தொட்டி விதைத்துக்கொண்டே போனால்தான் தொடர்ந்து கிடைக்கும்.

ரோஸ்மேரியை நீங்கள் முதல் முயற்சியிலேயே எடுத்தது துரதிர்ஷ்டம். 2017இல் தாவரவியல் ஆய்வாளர்கள் அதை சால்வியா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள், பெயர் மாறினாலும் அது இன்னும் மத்தியதரைக் கடலோரக் கற்பாறைச் செடிதான். முழு வெயில், ஓடும் காற்று, சீக்கிரம் காயும் மண் மூன்றும் அதற்கு வேண்டும். வீட்டுக்குள் மூன்றுமே அரிது. காற்றோட்டம் இல்லாத அறையில் இலைமேல் மாவு தூவினாற்போலச் சாம்பல் நோய் வரும். நானே அதை வீட்டுக்குள் வளர்க்க விரும்புபவர்களிடம் தயங்கித்தான் கொடுப்பேன். தைம், ஓரிகானோ இரண்டும் இதே மாதிரிதான், ஆனால் கொஞ்சம் பொறுமைசாலிகள். ஒரு வருடம் கழித்து வாருங்கள்.

தொட்டிக்கு அடியில் துளை இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. துளையில்லாத அழகுத் தொட்டி பிடித்திருந்தால் துளையுள்ள தொட்டியை அதற்குள் இறக்கி வைத்து, தண்ணீர் ஊற்றும்போது மட்டும் வெளியே எடுத்து வடியவிட்டு மறுபடி வையுங்கள். அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள், அது நடப்பதில்லை. நுண்மண்ணிலிருந்து கல் அடுக்குக்கு நீர் எளிதில் இறங்காது, மண் நன்றாக நனைந்து நிரம்பியபிறகுதான் இறங்கும், அதனால் சொதசொதவென்ற அடுக்கு கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் போடுவதும் வேண்டாம், தொட்டிக்குள் அது இறுகிக் கல்லாகிவிடும். நான் சொல்லும் கலவை: இரண்டு பங்கு தேங்காய் நார்க்கழிவு, ஒரு பங்கு மக்கிய உரம் அல்லது மண்புழு உரம், ஒரு பங்கு பெர்லைட் (மண்ணில் காற்று புகக் கலக்கும் லேசான வெள்ளைத் துகள்) அல்லது பருமணல். நார்க்கழிவில் உப்பு இருக்கலாம், இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுக் கலக்குங்கள். இந்த விகிதம் என் கைப்பழக்கம், வேறொருவர் வேறு கணக்கு சொன்னால் அதுவும் சரியாக இருக்கலாம். நீர் வடிய வேண்டும், காற்று புக வேண்டும், அதுதான் முக்கியம்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். நட்டதும் நன்றாகத் தண்ணீர் விட்டு, வடிந்தபிறகு தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள், அந்தக் கனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் தூக்குங்கள், அதற்கடுத்த நாளும் தூக்குங்கள். ஒரு நாள், எடுத்தவுடனே கை மேலே போகும் அளவுக்கு லேசாக இருக்கும், அன்றைக்குத்தான் தண்ணீர். இரண்டு வாரம் இப்படிச் செய்தால் கைக்கே பழகிவிடும், உங்கள் வீட்டு வெளிச்சத்துக்கு எத்தனை நாள் இடைவெளி என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். தொட்டி பெரிதென்றால் விரலை இரண்டு சென்டிமீட்டர் உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் பட்டால் ஊற்ற வேண்டாம். ஊற்றும்போது துளை வழியாக வெளியே வரும்வரை ஊற்றி, தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். புதினாவுக்கு மட்டும் அந்த அளவு காய விட வேண்டாம். மண்ணுக்குமேல் சின்னக் கருப்பு ஈக்கள் பறந்தால் மேல்மண் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது என்று அர்த்தம். அவற்றின் புழுக்கள் அந்த ஈரத்தில்தான் வாழும், மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டரைக் காயவிட்டு மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைச் செருகினால் ஒரு மாதத்தில் அடங்கிவிடும்.

உரம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், திரவ உரத்தைப் பாட்டிலில் போட்டிருப்பதில் பாதி அளவு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அதிகம் போட்டால் இலை பெரிதாகும், மணம் குறையும்.

நிச்சயமில்லாத விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றை நம்பித்தான் பலர் செடி வாங்குகிறார்கள். வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்பது 1989இல் நாசா செய்த ஆய்விலிருந்து பரவியது, அது மூடிய சிறு பெட்டிக்குள் நடந்த சோதனை. 2019இல் வெளியான ஒரு மறுஆய்வு, சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்று கணக்கிட்டது. அதற்காக வளர்க்காதீர்கள். மூலிகை வைத்தால் கொசு வராது என்பதையும் நம்ப வேண்டாம், எண்ணெய் இலைக்குள் இருக்கிறது, கசக்கினால்தான் வெளியே வரும். காபித்தூள் சக்கையை மேலே கொட்டினால் நல்லது என்பார்கள், வீட்டுத் தொட்டியில் அது பூஞ்சை பிடித்துப் படலம் கட்டுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இந்த இலைகளை மருந்தாக எடுப்பதைப் பற்றி யாராவது கேட்டால் நான் பதில் சொல்வதில்லை, அது மருத்துவரிடம் கேட்க வேண்டியது. ஒன்று மட்டும் உறுதியாகத் தெரியும், வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் சைவ்ஸ், வெங்காயத்தாள் இரண்டையும் எட்டாத இடத்தில் வையுங்கள், வெங்காயக் குடும்பம் அவற்றின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அலங்காரச் செடிக் கடையில் வாங்கிய செடியானால் பூச்சிமருந்து அடித்திருக்க வாய்ப்பு உண்டு, இருக்கும் இலைகளைச் சாப்பிடாமல் நீக்கிவிட்டுப் புதிதாக வரும் தளிரைப் பறியுங்கள்.

நாளைக்கு நண்பகலில் அந்த வெள்ளைக் காகிதத்தை மேடையில் ஒருமுறை, ஜன்னல் விளிம்பில் ஒருமுறை விரித்துக் கையை நீட்டிப் பாருங்கள். இரண்டு நிழலும் எப்படி விழுந்தன, ஜன்னல் எந்தத் திசை, எதிரே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள், விளக்கு தேவையா இல்லையா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை நாலு புதினாத் தண்டு ஒரு டம்ளர் தண்ணீரில் இருக்கட்டும்.